பெயர் கேட்கப்படாதவர்கள்

வியப்பூட்டும் வரலாற்று நிழற்படங்கள் என்னும் வகையில் வெளிவரும் தொகுப்பு நூல்களை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். பாரீசு நகரில் பாதியளவே எழும்பி நிற்கும் ஈபெல் கோபுரம் ஒரு பக்கத்தில்; தென்துருவப் பனிக்கடலில் 1915ஆம் ஆண்டு சிக்கி நின்ற ஷாக்கில்டனின் கப்பல் மறுபக்கத்தில். தாளைப் புரட்டுகிறோம். எலும்பும் தோலுமாய்ச் சில மனிதர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். கீழே ஒற்றை வரி: மதராஸ் பஞ்சம், 1876-78. அடுத்த தாளில் மீண்டும் ஒரு கப்பலோ விமானமோ வந்துவிடுகிறது.

இப்படிப் புரட்டிக்கொண்டு போவதில் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கோபுரத்தைப் பார்த்து வியந்த அதே கண், அதே வேகத்தில், பசித்தவனையும் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நிழற்படக் கலையைத் திறனாய்வோர் ஒளியையும் நிழலையும் பற்றிப் பேசுவர். சட்டத்துக்குள் எது நடுவே, எது ஓரத்தில் என்று அளப்பர். பேசட்டும், அதில் பிழையில்லை. ஆயினும் மனித முகம் காட்டும் பழைய படங்களிடம் நாம் முதலில் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. படம் எடுத்தவர் எதிரே இருந்தவரிடம் பெயரைக் கேட்டாரா? மிக எளிய கேள்விதான். ஆனால் புகழ்பெற்ற படங்கள் பல இக்கேள்விக்கு முன் தலைகுனிந்து நிற்பதைக் காண்கிறோம்.

மதராஸ் பஞ்சப் படங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்தது இதுவே. மழை பொய்த்த அந்த ஆண்டுகளில் தென்னிந்தியாவில் மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்குக் குறையாது என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அந்தப் பஞ்சத்தின் நடுவேதான், 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று தில்லி தர்பாரில் முழங்கினார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்தில் மறுத்து வாதாடினார். அன்று பசித்த கைகள் வெட்டிய நீர்வழிக்கு ஆளுநரின் பட்டப்பெயர் வைக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் என்று இன்றும் அழைக்கிறோம். வெட்டியவர் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இப்பஞ்சத்தைப் படம் பிடித்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி. சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்தவர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் அரசு நூலுக்குப் படம் எடுத்துத் தந்தவர்களுள் ஒருவர். அந்நூலில் மனிதர்கள் சாதிக்கும் குலத்துக்கும் மாதிரிகளாக நிறுத்தப்பட்டனர். வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைத்து அதன் வகைப்பெயரை எழுதிவைப்பதுபோல. ஆளின் பெயரைவிட இனத்தின் பெயரே அங்குத் தேவைப்பட்டது. அந்தக் கண்ணோடுதான் ஹூப்பர் பஞ்சத்துக்குள் நுழைந்தார் என்பது நம் கருத்து.

அவருடைய பஞ்சப் படங்களை உற்றுப் பார்ப்போர்க்கு முதலில் தோன்றுவது துயரமன்று, ஒழுங்கு. சிலர் பின்னே, சிலர் முன்னே அமர்ந்து, நிமிர இயலாதோர் தரையில் சாய்ந்து. நம் ஊர்களில் திருமண வீட்டிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் எடுக்கும் குழுப் படத்தின் அமைப்பு இது. எலும்புகள் எண்ணும்படி தெரிய வேண்டும் என்று உடல்கள் வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டுள்ளன. வேலை செய்ய வல்லோர், இலவச உதவிக்கு உரியோர் எனப் பசித்தவர்களைத் தரம் பிரித்த அலுவலக ஏட்டின் பார்வைதான் இப்படங்களிலும் இருக்கிறது.

இங்குச் சற்றுத் தொழில் நுட்பமும் பேசியாக வேண்டும். அந்நாளில் வழங்கியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, ஈரம் உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். வெளியூர் போகிறவர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துக் குப்பிகளையும் முக்காலியையும் ஆள்வைத்துச் சுமந்து போகவேண்டும். படம் பதிய ஓரிரு நொடியிலிருந்து பல நொடிவரை ஆகும். அதுவரை எதிரே இருப்பவர் அசையலாகாது. இதை எண்ணிப் பார்க்கும்போதுதான் நமக்கு மூச்சுத் திணறுகிறது. கூடாரம் அடித்து, தகடு தோய்த்து, ஆட்களை வரிசைப்படுத்தி, அசையாதே என்று சொல்லும் வரை அந்தப் பசித்தவர்கள் காத்திருந்தார்கள். ஓர் இறைச்சலற்ற பகலில் நடந்த சிறு நாடகம் அது. அதில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேடம் பசி.

அதே காலத்தில் அதே பஞ்சத்தைப் பார்த்த இன்னொரு கண்ணும் இருந்தது. மாயூரத்தில் முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். அவரிடம் படப்பெட்டி இல்லை. எனவே அவருடைய கஞ்சித் தொட்டியின் முன் நின்றவர்களின் முகம் நமக்குக் கிட்டவில்லை. இதனை இங்கே சொல்வது ஹூப்பரைப் பழித்துப் பிள்ளையைப் புகழ்வதற்காக அன்று. ஒரு சங்கடத்தைச் சொல்வதற்காக. தாது வருஷத்தைப் பற்றிக் கும்மிப் பாடல்கள் எழுந்தன. அவற்றில் குரல் இருக்கிறது, முகம் இல்லை. முகம் வேண்டுமென்றால் நாம் ஹூப்பரிடம்தான் போகவேண்டியுள்ளது. அந்த மனிதர் எடுக்காமல் விட்டிருந்தால், நம் முன்னோர் அழிந்த அப்பஞ்சம் நமக்கு வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். வெறுத்தாலும் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஹூப்பர் பிற்பாடு பர்மாவுக்குப் போனார். 1886இல் மாந்தலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் பொறுப்பு அவரிடம் இருந்தது. குண்டு பாயும் நொடியிலேயே படம் பதிய வேண்டும் என்று அவர் படப்பெட்டியைச் சித்தப்படுத்தி வைத்தார். செய்தி இலண்டனுக்கு எட்டியது. பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரணை நடந்து அவர் கண்டிக்கப்பட்டார். அதற்குள் உலர்தகடு புழக்கத்துக்கு வந்துவிட்டது. கண்ணிமைக்கும் நேரத்தைப் பிடிக்கலாம். தொழில் நுட்பம் முன்னேறிவிட்டது என்பதைத் தவிர, பஞ்சக் கூட்டத்தின் முன் நின்றவருக்கும் சுடுகளத்தில் நின்றவருக்கும் நாம் வேறுபாடு காணவில்லை.

இத்துடன் நிறுத்தினால் வாசகர்க்கு எளிதாகப் போய்விடும். ஆண்டவர்கள் கொடியவர்கள், அவர்களுடைய படமும் கொடியது என்று முடித்துவிடலாம். ஆகவே இரக்கம் உள்ள ஒருவரின் படத்துக்கு வருவோம். கேள்வி அங்கேதான் கடினமாகிறது.

1936 மார்ச்சு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் நிப்போமோ என்னும் ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலி மக்கள், உறைபனியில் பயிர் கருகிப் போனதால், வேலையின்றிக் கூடாரங்களில் கிடந்தனர். அரசின் மீள்குடியமர்வுத் துறைக்காகப் படம் எடுத்துவந்த டோரத்தியா லாங் என்ற பெண்மணி, ஒரு மாதப் பயணம் முடிந்து மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பட்டாணிப் பறிப்போர் முகாம் என்ற பலகையைக் கடந்து ஏறத்தாழ 20 மைல் சென்றபின் மனம் கேளாமல் வண்டியைத் திருப்பினார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு கால் தாங்கி நடந்தவர் அவர், துன்பம் அறிந்தவர். முகாமில் கண்ட தாய் ஒருத்தியைச் சில நிமிடங்களில் சில படங்கள் எடுத்துவிட்டுப் போனார். அவற்றுள் ஒன்றே 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறிந்த படம்.

படம் பெரும் படைப்பு. அதில் நமக்கு ஐயமில்லை. மடியில் கைக்குழந்தை. இரு பக்கத்திலும் இரு குழந்தைகள் தாயின் தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கின்றனர். குழந்தைகளின் முகம் மறைந்திருப்பதால் நம் பார்வை வேறெங்கும் போகாமல் தாயின் முகத்திலேயே தங்கிவிடுகிறது. வலக்கை விரல்கள் தாடையைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. கண்கள் நம்மைப் பாராமல் எங்கோ பார்க்கின்றன. இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. நம் வீட்டுச் சுவரில் தலைமுறையாக மாட்டியிருக்கும் தேவதாய் படத்தின் அமைப்பு. மேனாட்டுத் திறனாய்வாளர் பலரும் இதை மடோனா என்றே புகழ்ந்தனர். ஆனால் அந்தப் புகழிலேயே ஒரு முள் இருக்கிறது. ஒருத்தியை எல்லாத் தாய்மாருக்கும் உருவகம் ஆக்கிவிட்டால், அவள் யார் என்று கேட்கவேண்டிய தேவை மறைந்துவிடுகிறது. சுவரில் இருக்கும் தாய்க்காவது மரியா என்று ஒரு பெயர் உண்டு.

லாங் பெயரைக் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டார், 32 என்று எழுதிக்கொண்டார். ஏழு பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டார். உணவுக்காக வண்டியின் டயர்களை விற்றுவிட்டாள் என்றும் எழுதிக்கொண்டார். அந்தக் கடைசிச் செய்தி தவறு என்று அக்குடும்பத்தார் பின்னாளில் மறுத்தனர்: வண்டி பழுதாகியிருந்தது, ஆண்கள் உதிரிப்பாகத்தைச் சரிசெய்ய ஊருக்குள் போயிருந்தனர், திரும்பி வந்ததும் அதே டயர்களில்தான் புறப்பட்டுப் போயினர். சில நிமிடச் சந்திப்பில் வேறு யாருடைய கதையோ இவள் கதையோடு கலந்திருக்கலாம். பெயர் எழுதாத குறிப்பில் கதை இடம்மாறுவதற்குத் தடை ஏது?

அம்மாதம் 10ஆம் நாள் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழ் லாங்கின் படங்களோடு முகாமின் நிலையை வெளியிட்டது. அரசு 20,000 பவுண்டு உணவை நிப்போமோவுக்கு விரைந்து அனுப்பியது. படம் உயிர் காத்தது என்று நாம் தயங்காமல் சொல்லலாம். பட்டினி கிடந்த பலர் உண்டனர். ஆனால் படத்தில் இருந்தவள் அதற்குள் குடும்பத்தோடு வேறு வேலை தேடிப் போய்விட்டிருந்தாள்.

படத்தின் வலப்புற ஓரத்தில், கூடாரக் கம்பத்தைப் பற்றிய ஒரு பெருவிரல் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து, அமைப்பைக் கெடுக்கிறது என்று லாங் அதை மூலத் தகட்டிலேயே மங்கச் செய்தார். துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. நமக்கும் பிடிக்கவில்லை. அந்த விரல் அவளுடையது; சாய்ந்துவிடாமல் எதையோ பற்றிக்கொண்டிருந்த விரல்.

42 ஆண்டுகள் சென்றபின், 1978இல், மொடெஸ்டோ என்னும் நகரிலிருந்து ஒரு மூதாட்டி பேசினார். அந்தப் படத்தில் இருப்பவள் நான். என் பெயர் பிளாரன்ஸ் தாம்சன். செரோக்கி என்னும் செவ்விந்தியக் குடியில் பிறந்தவர் அவர். வெள்ளை ஏழையரின் திருவுருவம் என்று நாடே எண்ணிக்கொண்டிருந்த முகம், நிலம் பறிக்கப்பட்ட முதற்குடிகளின் முகம் என்று அப்போதுதான் தெரியவந்தது. இப்படங்களைப் பற்றிய வியப்புகளுள் இதுவே பெரிது என்போம்; ஆயினும் பெயரைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கக்கூடிய வியப்பு. அந்த அம்மையார் சொன்னவற்றின் சாரம் இது: அவர் என் பெயரைக் கேட்கவில்லை, படங்களை விற்கமாட்டேன் என்றார், ஒரு படி அனுப்பி வைப்பதாகச் சொன்னார், அனுப்பவில்லை, அந்தப் படத்தால் எனக்கு ஒரு காசும் வரவில்லை, அவர் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

லாங் 1965இலேயே காலமாகிவிட்டார். மறுமொழி சொல்ல அவர் இல்லை. நியாயமாக அவர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பணியில் எடுத்த படமாதலால் உரிமைத் தொகை அவருக்கும் கிடைக்கவில்லை. தன் படத்தால் தனக்கு நன்மை வரலாம் என்று அந்தத் தாய் உணர்ந்திருந்தாள், அதனால்தான் ஒத்துழைத்தாள், எங்களிடையே ஒருவகைச் சமத்துவம் இருந்தது என்று லாங் எழுதியிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் ஒருத்தி பெயரைச் சொல்லாமலும் மற்றவள் கேட்காமலும் இருக்கும் சமத்துவம் எத்தகையது?

1983இல் பிளாரன்ஸ் நோயுற்றபோது, மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். படத்தால் நெகிழ்ந்தவர்களிடமிருந்து 35,000 டாலருக்கும் மேல் வந்து சேர்ந்தது, கடிதங்களும் குவிந்தன. அந்தப் படத்தை அவமானமாகவே எண்ணி வளர்ந்த பிள்ளைகள், அக்கடிதங்களைப் படித்தபின் மனம் மாறினர். நம் திறனாய்வு முழுவதையும் ஒரு கணம் திகைத்து நிற்கச் செய்யும் செய்தி இது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அப்படத்தை 32 சென்ட் தபால் தலையாக வெளியிட்டது. வயது 32 என்று லாங் குறித்ததும் தலையின் விலை 32 ஆனதும் தற்செயல்தான். இருந்தாலும் கண்ணை உறுத்துகிறது. அதே ஆண்டு நியூயார்க் ஏலத்தில் லாங் கையொப்பம் உள்ள ஒரு படி 2,44,500 டாலருக்குப் போயிற்று.

அப்படியானால் ஏற்பாடு செய்து எடுத்த படமெல்லாம் தவறா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. அதற்கு ஒரு படத்தைச் சான்று காட்டுவோம். 1904 மே மாதம், காங்கோவில் பரிங்கா மறைப்பணித் தளத்துக்கு ஒருவர் இலைப் பொதியோடு வந்தார். பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் ரப்பர் திரட்டிய நிறுவனத்தின் காவலர்கள், விதித்த அளவு ரப்பர் வரவில்லை என்று அவர் ஊரைத் தாக்கி, அவர் மனைவியையும் மகளையும் கொன்றிருந்தனர். பொதியில் இருந்தவை மகளின் சிறு கையும் பாதமும். அங்குப் பணியாற்றிய ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அவரைத் தாழ்வாரத்தில் உட்காரச் செய்து, அவற்றை அவர் முன் வைத்து, படம் எடுத்தார். அவர் நம்மைப் பார்க்கவில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதுவும் உட்காரவைத்து எடுத்த படமே. எந்த நிழற்படக்காரரும் தந்தை ஒருவரை இப்படி அமரச் சொல்லலாமா என்று நாம் நெடுநேரம் மனத்துக்குள் வழக்காடியிருக்கிறோம். ஆனால் ஹாரிஸ் பெயரைக் கேட்டார். என்சாலா, வாலா ஊரினர். மகள் போவாலி, வயது ஐந்து. ஹாரிஸ் தம்பதியர் ஊர் ஊராகச் சென்று விளக்கொளிப் படக்காட்சி நடத்தினர். மார்க் ட்வெயின் 1905இல் எழுதிய அங்கத நூலில், விலைக்கு வாங்க முடியாத ஒரே சாட்சி படப்பெட்டிதான் என்று லியோபோல்டையே புலம்ப வைத்தார். கேஸ்மென்டின் அறிக்கையும் மோரெலின் எழுத்தும் சேர்ந்து உழைத்தன. படம் மட்டும் சாதித்தது என்று சொல்லலாகாது. 1908இல் காங்கோ லியோபோல்டின் தனிச்சொத்து என்ற நிலை ஒழிந்தது. என்சாலாவுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் காங்கோவின் ஏதோ ஒரு தந்தை அல்லர். குற்றம் இன்னாருக்கு இழைக்கப்பட்டது என்று சொல்ல முடிந்தது. சாட்சியம் என்பதற்கும் காட்சிப்பொருள் என்பதற்கும் உள்ள இடைவெளி அதுதான்.

பிறரைத் துலாக்கோலில் நிறுத்துகிறவர் தாமும் ஏறி நிற்பதுதான் முறை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின், நாகைக் கடற்கரையில் ஒரு நிவாரண முகாமில் நாமும் சில நாள் பணிசெய்தோம். உதவி அனுப்பியவர்களுக்குக் காட்டப் படம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. அரிசிப் பையும் பாத்திரங்களும் பெற்றுக்கொண்டு மரத்தடியில் அமர்ந்திருந்த ஓர் அம்மாவை நோக்கிப் படப்பெட்டியைத் திருப்பினோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"செத்த இரு தம்பி, தலைய முடிஞ்சிக்கிறேன்."

"வேணாம்மா, அப்படியே இருங்க. அதுதான் நல்லா இருக்கும்."

சொன்னது நாமே. அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்தார். விரிந்த கூந்தல், வெறித்த பார்வை, பின்னணியில் உடைந்த படகு. படம் நன்றாகவே அமைந்தது. ஒரு துண்டறிக்கையில் 'அலை கொண்டுபோன கரையில் ஒரு தாய்' என்ற குறிப்போடு அச்சாயிற்று. குறிப்பு எழுதியதும் நாமே. அன்று அதைக் குறித்துச் சற்றுப் பெருமையும் இருந்தது.

நிவாரணப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இட்டிருந்தார். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்திருந்தால் பெயர் கிடைத்திருக்கும். அந்தப் படத்தின் படி ஒன்று இன்னும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பின்புறத்தில் பென்சிலால் நாம் எழுதியவை: படச்சுருள் எண், நாள், ஊர்.